பின்சக்கரத்தின் ஒரு டிகிரி

1961-ல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாராகத் தொடங்கியது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்த வண்டி அது. உருவம் வரைந்தவர் ஜியோவன்னி மிகெலோட்டி என்ற இத்தாலியர். 948 சிசி என்ஜின், சின்ன உடம்பு, குறுகிய தெருவிலும் சட்டென்று திரும்பிவிடும் முன்சக்கரங்கள். அதன் அழகை முன்னாலிருந்து பார்த்தவர்களே அதிகம். விசித்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் பின்னால் போய்க் குனிய வேண்டும். ஆள் இல்லாமல் நிற்கும்போது பின்சக்கரங்கள் ஓரளவு நேராகவே இருக்கும். நான்கு பேர் ஏறி, டிக்கியில் ஒரு மூட்டையும் வைத்துவிட்டால் இரண்டு சக்கரங்களின் தலையும் உள்ளே சாயும். அடிப்பகுதி வெளியே அகலும். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் எல்லாம் தலைகீழ்: சக்கரங்களின் அடிப்பகுதி இரண்டும் வண்டிக்கடியில் ஒன்றையொன்று தேடிப் போகும்.

காரின் பின்னால் நின்று பார்க்கையில் ஒரு சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அதைத்தான் பட்டறையில் கேம்பர் என்கிறார்கள். தலை உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். நாம் உட்சாய்வு, வெளிச்சாய்வு என்று வைத்துக்கொள்வோம். ஹெரால்டில் இந்தச் சாய்வு கண்ணுக்கே தெரியும். இன்றைய சிறிய கார்களில் பேச்சு பெரும்பாலும் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரியோடு முடிந்துவிடும். அந்த ஒரு டிகிரியைத் திருத்தத்தான் கேம்பர் கிட் என்ற பெயரில் போல்ட்டும் தகடும் விற்கிறார்கள்.

ஒரு டிகிரியில் என்ன இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 155 மில்லிமீட்டர் அகல டயரை ஒரு டிகிரி சாய்த்தால் அதன் ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட 2.7 மி.மீ. மேலே போக வேண்டும். புது டயரின் பட்டன் ஆழமே 7, 8 மி.மீ.தான். ரப்பர் நசுங்கிக் கொடுப்பதால் டயர் உண்மையில் தரையை விட்டு எழும்பாது. ஆனால் பாரம் சமமாகப் பரவாமல் ஒரு தோளில் கூடுதலாக இறங்கும். மொத்தப் பாரமும் எவ்வளவு சின்ன இடத்தில் இறங்குகிறது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 800 கிலோ எடையுள்ள காரில் ஒரு டயருக்குச் சராசரியாக 200 கிலோ. காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.1 கிலோ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 95 சதுர செ.மீ. சாலையை ஒரு டயர் தொடும் இடம் அவ்வளவுதான்; பக்கத்துக்குப் பத்து செ.மீ.கூட இல்லாத சதுரம். பிரேக் பிடிப்பது, திரும்புவது, மழையில் வழுக்காமல் நிற்பது எல்லாம் அப்படிப்பட்ட நான்கு சதுரங்களின் வேலை.

அப்படியானால் சக்கரத்தை நேராகவே நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நிற்கிற காருக்கு அது சரி. ஓடுகிற கார் திருப்பத்தில் சாய்கிறது. இடப்பக்கம் திரும்பினால் உடம்பு வலப்பக்கம் சரியும். பாரத்தில் பெரும்பங்கு வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். உடம்போடு சேர்ந்து சாயும்படி பொருத்திய சக்கரமாக இருந்தால் அதன் தலையும் வெளியே சாயும். எந்தச் சக்கரம் அந்த நேரத்தில் அதிக வேலை செய்கிறதோ, அதுவே டயரின் வெளியோரத்தில் நிற்கத் தொடங்கும். ஆகவே வடிவமைப்பவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் உட்சாய்வு கொடுத்துவைக்கிறார்கள். நேர்ச் சாலையில் சற்று உள்ளே சாய்ந்து ஓடுகிற சக்கரம், திருப்பத்தில் உடம்பு சரியும்போது நிமிர்ந்து தட்டையாகத் தரையைப் பிடிக்கும். எப்போது நேராக நிற்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாசலில் நிற்கையில் நேராக இருக்கிற சக்கரத்தால் யாருக்கும் பயனில்லை.

பின்சக்கரத்துக்கு இது இன்னும் முக்கியம். முன்சக்கரம் பிடியை இழந்தால் கார் திரும்ப மறுத்து நேராக ஓடும். பயமுறுத்தும், ஆனால் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். பின்சக்கரம் முதலில் பிடியை விட்டால் கார் சுழலும். பழக்கமில்லாத ஓட்டுநரால் அதைத் திருத்த முடியாது.

சாய்ந்த சக்கரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிய பிள்ளைகளுக்கு அது தெரியும். டயர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே வளைந்து ஓடும். திருப்ப வேண்டுமென்றால் அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்தால் போதும். கார்ச் சக்கரமும் அதே இயல்புடையதுதான். ரேடியல் டயரில் அந்த இழுப்பு சிறியது. இடதும் வலதும் ஒரே அளவு உள்ளே சாய்ந்திருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றது ரத்து செய்துவிடும். ஒரு பக்கம் அரை டிகிரி, மறுபக்கம் இரண்டு டிகிரி என்று வேறுபட்டால் கணக்கு பொருந்தாது. மோட்டார் சைக்கிள் முழுக்க இந்தக் குணத்தை நம்பித்தான் திரும்புகிறது. அதனால்தான் அதன் டயர் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கிறது.

இந்தச் சாய்வுப் பிரச்சினையே இல்லாத வண்டிகளும் இருந்தன. மாட்டு வண்டியின் இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சு சேர்க்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அங்கேயும் இடது வலதுச் சக்கரங்களை நேர் அச்சுதான் இணைக்கிறது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி இரண்டின் பின்பக்கமும் இதே இனம்: ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே உறுதியான குழாய், உள்ளே சுழலும் தண்டு, மேலே பட்டை வில். உடம்பு எவ்வளவு சாய்ந்தாலும் அச்சு சாலையோடு ஒட்டியே கிடக்கும். சக்கரங்கள் அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும். எத்தனை மூட்டை ஏற்றினாலும் கேம்பர் மாறாது. குறை வேறிடத்தில். இடப்பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு முழுதும் சாய்ந்து வலப்பக்கத்தையும் ஆட்டும். டிஃபரன்ஷியல் பெட்டியின் முழு எடையும் வில்லுக்குக் கீழே சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும். பத்மினியின் பின்சீட்டில் உட்கார்ந்து கப்பிச் சாலையில் போனவர்களுக்கு அந்தக் குதிப்பை விளக்க வேண்டியதில்லை.

ஹெரால்டைச் செய்தவர்கள் இந்தக் குதிப்பை ஒழிக்க நினைத்தார்கள். டிஃபரன்ஷியலை அச்சிலிருந்து பிரித்துச் சட்டத்தோடு முடுக்கினார்கள். அதிலிருந்து இருபுறமும் ஓர் அரைத்தண்டு. உள்முனையில் மட்டும் ஒரு மூட்டு. வெளிமுனையில் சக்கரம் தண்டுக்கு எப்போதும் செங்குத்து. குறுக்கே ஒரே ஒரு பட்டை வில் இரண்டு பக்கத்தையும் தாங்கியது. செலவு குறைவு, எடை குறைவு, இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஊசலாடும் இந்த அமைப்புக்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர்.

இதில் ஒளிந்திருந்த சிக்கல் பள்ளிக்கூட வடிவியல்தான். அரைத்தண்டின் நீளம் அரை மீட்டர் சொச்சம். சக்கரம் 1 செ.மீ. மேலே ஏறினால் தண்டு ஏறத்தாழ 1 டிகிரி திரும்பும். சக்கரமும் அதே 1 டிகிரி உள்ளே சாயும். பாரம் ஏறி வில் 4 செ.மீ. அமுங்கினால் 4 டிகிரி. இன்றைய கார்களில் அரை டிகிரி பிசகினாலே அலைன்மென்ட் கடைத் திரை சிவப்புக் காட்டுகிறது.

பாரம் ஏறும்போது வரும் உட்சாய்வு டயரைத் தின்னுமே தவிர ஆளைக் கொல்லாது. ஆபத்து எதிர்த்திசையில் இருந்தது. ஆள் குறைவான ஹெரால்டை வேகமாகத் திருப்புகிறோம் என்று வையுங்கள். வெளிப்புறச் சக்கரத்தைத் தரை உள்ளே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தண்டு வழியாக உள்மூட்டுக்குப் போகிறது. மூட்டு தரைமட்டத்துக்கு மேலே இருப்பதால் தள்ளலின் ஒரு பங்கு உடம்பை மேலே தூக்குகிறது. உடம்பு எழும்ப எழும்பச் சக்கரத்தின் அடிப்பகுதி வண்டிக்கடியில் மடங்கும். மடங்க மடங்க அந்தப் பிடிச்சதுரம் ஒரு கோடாகச் சுருங்கும். திருப்பத்தின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் பாரம் முன்பக்கம் போய்ப் பின்பக்கம் மேலும் எழும்பும். கவனமான ஓட்டுநர் இயல்பாகச் செய்கிற காரியமே காரைச் சுழற்றிவிடும்.

இந்த வடிவியலில் மாட்டிக்கொண்டது ஹெரால்டு மட்டுமல்ல. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ஸ்விங் ஆக்சில்தான். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1960 மாடலாகக் கொண்டுவந்த செவர்லே கோர்வேரில் என்ஜினும் பின்னால், ஸ்விங் ஆக்சிலும் பின்னால். முன் டயருக்கு 15 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 26 பிஎஸ்ஐ காற்று வைத்தால் சமாளிக்கலாம் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிறவர் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு வைத்துவிடுவார் என்பதை அந்தக் கணக்கு பொருட்படுத்தவில்லை. 1965-ல் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே கோர்வேர்தான். அமெரிக்காவின் கார்ப் பாதுகாப்புச் சட்டங்களுக்கு அது தூண்டுகோலானது. நேடருக்கு முன்பே நிறுவனம் விழித்துக்கொண்டது: 1964 மாடலில் குறுக்கே ஒரு கூடுதல் வில்; 1965-ல் பின்பக்க அமைப்பையே மாற்றிவிட்டார்கள். 1972-ல் வந்த அரசு ஆய்வறிக்கை, அந்தக் காலத்து மற்ற கார்களைவிடக் கோர்வேர் மோசமில்லை என்றது. அதற்குள் வண்டியே நின்றுபோயிருந்தது.

கோர்வேருக்கு நிறுவனம் தானே போட்ட அந்தக் கூடுதல் வில்லைக் கலிபோர்னியாவின் எம்பி என்ற கம்பெனி பீட்டில் உரிமையாளர்களுக்குத் தனியாக விற்றது. ஒற்றைப் பட்டை வில். நடுவில் கியர்பெட்டிக்கடியில் ஒரு சுழல் ஆணி. இரு முனைகளும் அரைத்தண்டுகளுக்குக் கீழே முட்டுக்கொடுக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து கீழே மடங்கப் பார்த்தால் வில் தடுக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் வில் நடு ஆணியில் சாய்ந்து வழிவிடும். உடம்புச் சரிவை விட்டுவிட்டு, மடங்குதலை மட்டும் பிடிக்கிறது. வீட்டு வாசலில் படுத்துக்கொண்டே பொருத்தக்கூடிய பின்சக்கரக் கேம்பர் கிட்டுகளில் இதைப்போல் அழகான ஒன்று பிறகு வரவில்லை என்பது என் கட்சி. ட்ரையம்ப் நிறுவனமும் 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் ஏறத்தாழ இதே யோசனைக்கு வந்து சேர்ந்தது: வில்லின் பட்டைகளில் அடிப்பட்டை மட்டும் இறுக்கமாக, மற்றவை நடுவில் ஊசலாடும்படி.

வண்டலூர் வேறு வழியில் போனது. இங்கே ஹெரால்டு நான்கு கதவோடும், பின்புறம் நீண்ட எஸ்டேட் வடிவிலும் வந்தது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு கிடையாது. கதவு கூடினால் ஆளும் கூடும். கல்யாணத்துக்குப் போகிற காரில் நாம் என்றைக்கு இருக்கையை எண்ணி ஏறியிருக்கிறோம்? காரை வாங்கியவர்களுக்கும் ஸ்விங் ஆக்சில் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் இடத்தில் ஸ்டாண்டர்டு கெஸல் வந்தது. என்ஜின் அதே 948 சிசி. பின்னால் மட்டும் பத்மினியைப்போல் நேர் அச்சு. முன்னேற்றமா, பின்வாங்கலா? நுட்பத்தின் பக்கம் நின்றால் பின்வாங்கல். நம் சாலையையும் நம் பாரத்தையும் பார்த்தால் அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

பின்சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடும் சிறிய கார் மீண்டும் இங்கே பேச்சானது 2008-ல், டாடா நானோ வந்தபோது. அதிலும் என்ஜின் பின்னால். ஆனால் சக்கரத்தைப் பிடித்திருந்தவை சாய்வாகப் பின்னோக்கி நீளும் கைகள்; பாரத்தில் கேம்பர் மாறினாலும் ஹெரால்டு அளவுக்கு மாறாது. முன் டயர் 135 மி.மீ. அகலம், பின் டயர் 155 என்று வைத்ததும் பின்பக்கம் முதலில் பிடியை விட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான். காற்றழுத்தத்தில் கோர்வேர் செய்யப் பார்த்ததை நானோ டயரின் அகலத்தில் செய்தது. காற்றடிக்கிறவர் அதை மாற்ற முடியாது.

இனி இன்றைய வண்டிகள். ஸ்விஃப்ட், ஐ10 போன்றவற்றின் பின்பக்கத்தில் இருப்பது முறுக்குத் தண்டு. மெக்கானிக்குகள் டார்ஷன் பீம் என்பார்கள். இரண்டு கைகள், நடுவே அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குத் தகடு. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் அந்தக் குறுக்குத் தகடு முறுக்கிக்கொண்டு இடம்கொடுக்கும். விலை மலிவு, இடம் அடைக்காது, டிக்கி பெரிதாகக் கிடைக்கும். கேம்பரும் சக்கரத்தின் திசைக்கோணமும் வெல்டிங்கிலேயே நிர்ணயமாகிவிடும். பெரும்பாலும் ஒரு டிகிரியை ஒட்டிய உட்சாய்வு. திருகித் திருத்த ஒரு நட்டுகூடக் கிடையாது. அலைன்மென்ட் கடைத் திரையில் பின்சக்கரம் சிவப்பாகத் தெரிந்தாலும் கடைக்காரர் முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்து அனுப்புவது இதனால்தான்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமான் பக்கத்தில் ஒரு காரின் பின்சக்கரம் கோணுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. காவிரிப் படுகைச் சாலைகள் ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் அனுசரித்து வளைந்து வளைந்து போகின்றன. வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகு. மதகுக்கு மதகு ஒரு மேடு. மேட்டுக்கும் தாருக்கும் நடுவே ஐப்பசி, கார்த்திகை மழை பள்ளம் பறித்துவைக்கும். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். எதிரில் பேருந்து வந்தால் கார் இடப்பக்கச் சக்கரங்களைத் தாரிலிருந்து மண்ணில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். தார் விளிம்பு பின்சக்கரத்தின் பக்கவாட்டில் மோதுகிற அந்த ஏற்றம், பள்ளத்தைவிடப் பொல்லாதது. குருப்பெயர்ச்சிக்குப் பக்கத்திலுள்ள ஆலங்குடி குருகோயிலுக்கு வருகிற கார்களில் பாதி, சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றியவை.

சாலையின் குறுக்குச் சரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழைநீர் வடிவதற்காகத் தார்ச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்துகிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு நூற்றுக்கு 2 முதல் 2.5. டிகிரியில் சொன்னால் 1.1 முதல் 1.4. இடப்பக்கம் ஓடுகிற நம் கார் எந்நேரமும் அவ்வளவு இடப்பக்கம் சாய்ந்துதான் ஓடுகிறது. 800 கிலோ காரை 2.5 விகிதச் சரிவு 20 கிலோ விசையோடு இடப்பக்க வாய்க்காலை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்கை விட்டால் கார் இடப்பக்கம் போகிறது என்று பட்டறைக்கு வருகிற புகார்களில் சில, காரின் குற்றமே அல்ல.

டயரின் உள்ளோரம் மட்டும் தேய்ந்தால் உடனே கேம்பர் மீது பழிபோடுவதும் அவசரம். கூட்டாளி ஒருவர் இருக்கிறார்: டோ, அதாவது சக்கரம் நேர் முன்னே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்பது. கேம்பர் ஓர் ஓரத்தில் பாரத்தைக் கூட்டும். டோ டயரைப் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கும். ஒரு சக்கரம் ஒரு டிகிரி திசை பிசகி ஓடினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டாக வேண்டும். வலங்கைமானிலிருந்து கும்பகோணம் போய்த் திரும்புகிற இருபது கிலோமீட்டரில் 340 மீட்டருக்குத் தாரில் அரைபடும். பாரம் உள்ளோரத்தில், இழுபடுதலும் சேர்ந்தால் உள்ளோரம் மட்டும் கம்பி தெரியத் தேய்வதில் ஆச்சரியமில்லை. கையால் கண்டுபிடிக்கலாம். டயரின் பட்டன்கள்மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தேய்த்தால் ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் அரம்போலவும் இருந்தால் டோ. எத்திசையிலும் வழவழப்பாக, ஓரம் மட்டும் வழித்தெடுத்ததுபோல் இருந்தால் கேம்பர்.

கேம்பரை அளக்கக் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதும் இல்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சமதளத்தில் காரை நிறுத்த வேண்டும். தரை சமமா என்பதைத் தண்ணீர் நிரப்பிய ட்யூப் சொல்லிவிடும். காற்று சரியாக இருக்கட்டும், டிக்கி காலியாக இருக்கட்டும். காரை இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டினால் சக்கரங்கள் இயல்பான நிலைக்கு வரும். பின்சக்கரத்துக்கு வெளியே, டயரைத் தொடாமல் குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். 13 அங்குல ரிம்மில் அந்த இரண்டு விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 35 செ.மீ. மேல் தூரம் கீழ்த் தூரத்தைவிட 6 மி.மீ. கூடுதலாக இருந்தால் உட்சாய்வு 1 டிகிரி; 12 மி.மீ. என்றால் 2. ரிம்மே நெளிந்திருக்கலாம் என்பதால் சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுப்பது நல்லது.

அளந்து, பிசகு உறுதியான பிறகுதான் கிட்டின் பேச்சு. கிட் காருக்குக் கார் வேறுபடும். மாருதி எஸ்டீம் போலப் பின்பக்கமும் ஸ்ட்ரட் (வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உள்ள வண்டிக்கு விலகுமைய போல்ட்: கழுத்து சற்று ஒருபக்கம் ஒதுங்கிய ஆணி. ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதில் இதைப் போட்டுத் திருப்பினால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ நகரும். இரண்டு போல்ட்டுக்கும் இடையே 6 செ.மீ. இருந்தால், ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்வு ஏறத்தாழ ஒரு டிகிரி. ஹெரால்டு பிறந்த அதே 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினி காருக்கோ, பின்னோக்கி நீண்டு சக்கரத்தைப் பிடிக்கும் பின்கையின் வெளிமுனையைத் தாங்கும் பிராக்கெட்டையே மாற்றி, வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை உள்ளதைப் போடுவார்கள். மினியில் உட்சாய்வு கூடிவிட்டால் பிராக்கெட்டைத் தொடும் முன் பின்கையின் ஊசி பேரிங்கைப் பார்க்க வேண்டும். பாதி நேரம் அதுதான் தேய்ந்திருக்கும்.

டார்ஷன் பீம் வண்டிக்கு இருப்பது ஆப்புத் தகடு; ஷிம் என்று கேட்டு வாங்க வேண்டும். பீமின் முனையில் ஒரு தட்டை முகம். அதில் நான்கு போல்ட்டுகளால் சக்கரத்தின் குட்டை அச்சு முடுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த தகட்டைச் செருகினால் அச்சே சாய்ந்துவிடும். முகத்தின் குறுக்களவு 10 செ.மீ. என்றால் ஒரு டிகிரிக்குத் தேவைப்படும் தடிப்பு வித்தியாசம் 1.75 மி.மீ.தான். தடித்த பக்கம் மேலே இருந்தால் சக்கரத்தின் தலை வெளியே போகும், உட்சாய்வு குறையும். தடித்த பக்கம் முன்னே இருந்தால் சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே தள்ளப்படும், டோ மாறும். மேலும் இல்லாமல் முன்னும் இல்லாமல் இடைப்பட்ட ஒரு கோணத்தில் வைத்தால் ஒரே தகடு இரண்டையும் திருத்தும்.

வேலை எளிதுதான், பொறுமை இருந்தால். முன்சக்கரத்துக்குக் கட்டை, காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைப்பது (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் கை நீட்டக் கூடாது), சக்கரம், பிரேக் டிரம், பிறகு நான்கு போல்ட். போல்ட் கழன்றதும் பிரேக் தட்டும் கையோடு வரும். அதில் தொங்கும் பிரேக் எண்ணெய்க் குழாய் மடங்கக் கூடாது, ஏபிஎஸ் ஒயர் இழுபடக் கூடாது. பலரும் தவிர்த்துவிடுகிற வேலை அடுத்தது: இரண்டு முகங்களிலும் உள்ள துருவையும் சேற்றையும் பளபளக்கும் வரை சுரண்டி எடுப்பது. தகட்டின் கணக்கே ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் என்னும்போது, ஒரு மில்லிமீட்டர் துருப்பொருக்கு அரை டிகிரிக்கு மேல் பொய் சொல்லிவிடும். தகட்டை வைத்து, போல்ட்டை டார்க் ரெஞ்சால் அந்தக் காருக்குரிய அளவுக்கு முடுக்கி, சக்கரத்தை மாட்டி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி அளக்க வேண்டும். கேம்பரைத் தொட்டால் டோவும் அசையும் என்பதால் டோவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சில பட்டறைகளில் தகட்டுக்குப் பதில் மேல் இரண்டு போல்ட்டிலும் வாஷரைச் செருகி அனுப்பிவிடுகிறார்கள். திரை பச்சையாகிவிடும். ஆனால் முகம் முழுவதும் தாங்க வேண்டிய பாரத்தை இப்போது இரண்டு வாஷரின் வட்டங்களும் கீழ் விளிம்பும் தாங்குகின்றன. ஒவ்வொரு மதகு மேட்டிலும் போல்ட் வளைந்து நிமிரும். உலோகம் களைத்து ஒரு நாள் அறும், அந்த நாளை அது முன்கூட்டிச் சொல்லாது. நல்ல ஆப்புத் தகட்டுக்கும் எல்லை உண்டு: ஒன்றரை டிகிரிக்கு மேல் போனால் போல்ட்டின் தலை முகத்தோடு படியாமல் ஒருபுறம் தூக்கிக்கொள்ளும். பீமைக் காய்ச்சி நெம்பி நிமிர்த்துவது இதையெல்லாம்விட மோசம். காய்ச்சிய இடத்தில் எஃகின் உறுதி போய்விடும். நகரங்களில் சில இளைஞர்கள் அழகுக்காக உட்சாய்வைப் பத்து டிகிரிக்கு மேல் கூட்டி, டயரின் ஓர் ஓரத்தில் மட்டும் வண்டியை நிறுத்துகிறார்கள். 95 சதுர செ.மீ.யில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

கிட் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் அலைன்மென்ட் கடையில் பின்சக்கரங்களின் கேம்பரையும் டோவையும் பிரின்ட் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்சக்கரத் தாளை மட்டும் கொடுத்தால் விடாதீர்கள். இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருந்து, இரண்டும் கம்பெனி அளவுக்குச் சற்று வெளியே இருந்தால் ஆப்புத் தகடு போதும். ஒரு பக்கம் மட்டும் ஒரு டிகிரிக்கு மேல் விலகியிருந்தால் பீம் வளைந்திருக்கிறது, அல்லது புஷ்ஷோ பேரிங்கோ போயிருக்கிறது. அதைத் தகடு வைத்து மறைக்காதீர்கள். அந்தப் பாகத்தை மாற்றுங்கள்.